பல் டாக்டரைப் பரப்பியது யார்?

பல் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூக்கத்தில் இப்படிக் கடித்தால் பல் தேய்ந்துபோகும் என்று ஊரையே பயமுறுத்துகிறவர், தனக்கு ஒரு கோபம் வந்ததும் படித்த படிப்பை மறந்துவிட்டார்.

"ஆள் யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க நிரூபிச்சுக் கொடுத்தா போதும்" என்றார்.

"தெரிஞ்சவங்க யாரும் இந்த மாடி ஏறி வர்றதில்லையே டாக்டர்" என்றாள் அண்ணி.

அது ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிற ஒற்றை அறை. 'துப்பறியும் நிலையம்' என்று ஒரு போர்டு, இரண்டு மேஜை, ஆடாத நாற்காலி மூன்று, ஆடுவது ஒன்று. அண்ணி முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். எரிந்துபோனதாகச் சொன்ன கடையின் சரக்கு பக்கத்துத் தெருவில் விற்பனையாவதைக் கண்டுபிடிக்கிற வேலை அவளுடையது. முறைப்படி பார்த்தால் உலகத்தில் ஒரே ஒருவன்தான் அவளை அண்ணி என்று கூப்பிட வேண்டும். அவள் கணவரின் தம்பியான அந்தக் கொழுந்தனையே உதவியாளனாக வைத்துக்கொண்டதால், கீழே ஜெராக்ஸ் எடுக்கிறவரிலிருந்து கேஸ் கொண்டு வருகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். கொழுந்தனுக்கு நாற்பது நெருங்குகிறது. கல்யாணம் நெருங்கவில்லை. கம்ப்யூட்டர் வேலையும் வாய்ப்பேச்சும் அவன் இலாகா.

அன்றைக்கு அந்த வாய்தான் திறக்கவே இல்லை. சளி பிடித்திருக்கிறது என்று கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டு, கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் பதுங்கியிருந்தான்.

டாக்டர் தன் வயிற்றெரிச்சலைக் கொட்டினார். இணையத்தில் 'களம்' என்று ஓர் எழுத்து மேடை. அதில் 'கடைவாய்' என்ற புனைபெயரில் எவனோ, எவளோ, அவருடைய கிளினிக்கை வைத்துக் கதை கதையாக எழுதுகிறார்கள். ஊர் பெயர், ஆள் பெயர் எதுவும் கிடையாது. ஆனால் வாய்க்குள் நாலு ஆயுதத்தைச் செருகிவிட்டு "பையன் என்ன படிக்கிறான்?" என்று கேட்கிற டாக்டர் அதில் வருகிறார். பல்லைக் குடையும்போது ஒரே பழைய மெட்டை முணுமுணுக்கிறார். "அசையாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தான் மட்டும் ஓடி ஒளிகிற எக்ஸ்ரேக்காரர் வருகிறார். நோயாளிகளுக்கு வாய் திறக்கப் பயிற்சி கொடுக்கிற தொட்டி மீன்கள்கூட வருகின்றன. ஒரு தடவை அந்த நாற்காலியில் படுத்தவர்களுக்கு எந்த கிளினிக் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது ஊசி போடுவதற்கு முன்பே சிரிக்கிறார்கள். போன வாரம் ஒருவர், "இன்னிக்கு என்ன பாட்டு டாக்டர்?" என்று கேட்டேவிட்டார்.

அன்றிலிருந்து டாக்டர் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டாராம். நிறுத்தியதிலிருந்து கை முன்னைப்போல் சொன்ன பேச்சு கேட்பதில்லை. அதைச் சொல்லும்போது அவர் குரல் கீழே இறங்கியது. அண்ணிக்கு அவர் மேல் முதல் தடவையாக இரக்கம் வந்தது.

"புகார் கொடுக்கலாம்னு பார்த்தா, அந்தக் களத்துக்கு முதலாளியே கிடையாதாம். ஆபீஸ் எங்கேன்னு கேட்டா, ஆயிரம் பேர் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் கொஞ்சம் இருக்குங்கறாங்க" என்றார்.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இங்கே உலை எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை.

டாக்டரின் சந்தேகம் ரிசப்ஷனில் இருக்கிற பெண் மேல். ஏழு வருஷமாக வேலை பார்க்கிறவள். அவள் மேல் சந்தேகம் ஏன் என்றால், கிளினிக்கில் மீன் உட்பட எல்லோரும் கதையில் வருகிறார்கள், அவள் மட்டும் வரவில்லை. தன்னைத்தானே யாராவது கிண்டல் செய்துகொள்வார்களா? இன்று சாயங்காலத்தோடு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மற்ற பல் டாக்டர்களிடமும், கூட இருந்தே குழி பறிக்கிறவள் என்று சொல்லி வைக்கப் போகிறார். தான் எழுதவில்லை என்று அவள் சொன்னாள். ஆனால் அழவில்லை. அழாததும் அவர் கணக்கில் ஒரு சாட்சியாகிவிட்டது.

திரைக்குப் பின்னால் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்தது. கொழுந்தன் துடைக்கக் குனிந்தவன் ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"எழுதினவங்களை விடுங்க. மூலையில எழுதி வெச்சா மூலையோட போச்சு. அதை முதன்முதல்ல தூக்கி ஊருக்குக் காட்டினது யாரு?" என்று கேட்டாள் அண்ணி.

டாக்டர் அதை யோசித்ததே இல்லை. அதுவும் அவளாகத்தான் இருக்கும் என்று சொல்லி, தன் விசிட்டிங் கார்டை மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். செருப்புச் சத்தம் படியைத் தாண்டியதும் கொழுந்தனுக்குச் சளி விட்டுவிட்டது.

"இந்தக் கேஸ் வேண்டாம் அண்ணி."

"ஏன்?"

"பல் கேஸு. கூசும்."

வேலை நேரத்தில் பாதியை அவன் அந்தக் களத்திலேயே கழிப்பது அண்ணிக்குத் தெரியாதா என்ன. எப்படி நடக்கிறது இந்த வியாபாரம் என்று கேட்டாள். கேட்டதும், கேஸ் வேண்டாம் என்றதை மறந்துபோய் உற்சாகமாகிவிட்டான். களத்தில் கடை விரிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில், கூட்டம் கூடுவது பத்துக் கடையில்தான். நல்ல எழுத்து பாதி யாரும் எட்டிப் பார்க்காமலே அடியில் போய்விடும். அதைத் தேடியெடுக்க யாரோ ஒரு புண்ணியவான் 'சல்லடை' என்று ஒரு கருவி செய்து சும்மா கொடுத்திருக்கிறான். எந்த விஷயம், எவ்வளவு நீளம், யாரும் இன்னும் கண்டுகொள்ளாததா என்று விதி வைத்தால் போதும். மொத்தக் களத்தையும் சலித்து, வேண்டியதை மட்டும் கையில் கொடுக்கும். படித்துப் பிடித்தால் பகிரலாம். பகிர்ந்தால் நம்மைப் பின்தொடர்கிறவர்கள் கண்ணிலெல்லாம் படும். யார் எதைப் பகிர்ந்தார்கள் என்பது எல்லோருக்கும் திறந்த கணக்கு, பெயர் மட்டும்தான் வேஷம்.

"நல்ல பதிவு ஒண்ணுகூட என் சல்லடைக்குத் தப்பாது அண்ணி. முக்கியமா நகைச்சுவை" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"நீ எழுதினதையே நீ பகிர்ந்துக்கலாமா?"

சேச்சே என்றான். தன் சரக்கைத் தானே தூக்கிப் பிடிப்பது சல்லடைக்காரர்கள் மத்தியில் மகா கேவலமாம்.

"ஒரு பேர்ல எழுதி, இன்னொரு பேர்ல பகிர்ந்தா யாருக்குத் தெரியும்?"

"நமக்குத் தெரியுமே அண்ணி" என்றான், கொஞ்சம் கோபமாகவே.

அண்ணி அவனை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சரி, கடைவாயை முதலில் பகிர்ந்தது யார் என்று தேடச் சொன்னாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. எட்டுக் கதைக்கும் முதல் பகிர்வு 'வெண்முத்து' என்ற ஒரே ஆள். அந்த ஆளுடைய கணக்கைத் திறந்தபோதுதான் வேடிக்கை. சுறாமீனின் பல், டூத் பிரஷின் வரலாறு, பால்பல் விழுந்த குழந்தைக்கு ஒரு தாலாட்டு, காதலியின் சிரிப்பைப் பற்றி ஒரு வழவழா கவிதை, எல்லாம் கலந்து கட்டி வரிசையாகப் பகிர்ந்திருந்தது. நடுவில் 'பல் டாக்டரிடம் போகாமல் தப்பிப்பது எப்படி' என்ற கட்டுரையும் இருந்தது.

"நல்ல ரசனை. பல் இருந்தா போதும், பாம்பானாலும் பரவாயில்லை" என்றான் கொழுந்தன்.

அண்ணி நேரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதிவு வெளியான கையோடு பகிர்வு. படிக்கிறவனுக்கு மூச்சு விடவாவது நேரம் வேண்டாமா? ஆனால் மதியத்தில் கொஞ்ச நேரம் வெண்முத்து அசைவதில்லை. ராத்திரி அசைவதில்லை. புதன்கிழமை முழுக்க ஒன்றுமே கிடையாது. வியாழன் காலையில் சேர்த்து வைத்து அத்தனையையும் தள்ளிவிடுகிறது.

டாக்டரின் விசிட்டிங் கார்டை எடுத்து அவன் முன்னால் நகர்த்தினாள். மதியம் மூடல். புதன் விடுமுறை.

கொழுந்தன் கார்டை வாங்கிப் படித்தான். அந்த கிளினிக்கில் இருப்பதே ஒரு கம்ப்யூட்டர்தான், அதுவும் ரிசப்ஷன் மேஜையில்தான் இருக்கிறது என்றான்.

"அவங்க இல்ல அண்ணி."

"அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர்னு உனக்கு எப்படித் தெரியும்?"

கிளினிக்குக்குக் கிளம்பலாம் என்று பையை எடுத்துக்கொண்டாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். பஸ்ஸில் வழியெல்லாம் அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். அண்ணி போனை எடுத்து, அவன் காலையில் அதில் திறந்து கொடுத்திருந்த அவனுடைய சல்லடைக் கணக்கு வழியாகக் களத்துக்குள் நுழைந்து, கடைவாயின் கதைகளைப் படித்தாள். இரண்டு இடத்தில் சத்தமாகவே சிரித்துவிட்டாள். பிறகு தன் கொழுந்தன் இந்த ஒரு வருஷத்தில் பகிர்ந்த பட்டியலையும் மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கிளினிக்கில் கூட்டம் இல்லை. மீன்கள் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. ரிசப்ஷன் பெண் தன் சாமான்களை ஒரு துணிப்பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். முப்பதைத் தாண்டிய, அமைதியான முகம். அண்ணியைப் பார்த்து எழுந்தவள், பின்னால் வந்தவனைப் பார்த்ததும் தன் கஷ்டத்தை ஒரு நொடி மறந்துவிட்டாள்.

"சார், ரூட் கெனால் பாதியில நிக்குது. ரெண்டு அப்பாயின்ட்மென்ட் வரலை நீங்க. தற்காலிகமா அடைச்சது விழுந்துடப் போகுது" என்றாள்.

உள்ளேயிருந்து வந்த டாக்டர் அப்போதுதான் அவனை உற்றுப் பார்த்தார். அவருக்கு முகங்கள் தெரியாது, வாய்கள்தான் தெரியும். காலையில் மூடியிருந்த வாய் இப்போது திகைப்பில் கொஞ்சம் திறந்திருந்தது. கீழ்வரிசை இடதுபக்கம் என்று அவர் முகத்தில் அடையாளம் ஓடியது.

அண்ணி யாரையும் விசாரிக்கவில்லை. கதைகளை முதலில் பரப்பியது 'வெண்முத்து' என்ற கணக்கு என்று மட்டும் சொன்னாள். எல்லோரும் ரிசப்ஷன் மேஜையிலிருந்து தள்ளி நிற்க வேண்டும், யாரும் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்றாள். பிறகு தன் போனில் ஒரே ஒரு வரி தட்டினாள்: என் பல் ஆடுகிறது. அதையே நகலெடுத்து நகலெடுத்து ஒட்டி, ஒரு கட்டுரை நீளத்துக்கு இழுத்து, களத்தில் வெளியிட்டாள். இவ்வளவு மட்டமான எழுத்து அந்தக் களத்துக்கு அதுவரை வந்திருக்காது.

எக்ஸ்ரேக்காரர்கூட ஓடி ஒளியாமல் வந்து நின்றார். எல்லோரும் மேஜைக் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தானாக ஒரு சின்னப் பெட்டி திரையின் ஓரத்தில் முளைத்தது. 'வெண்முத்து பகிர்ந்தது: என் பல் ஆடுகிறது.'

"பார்த்தீங்களா? அவ மேஜை, அவ கம்ப்யூட்டர். இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் டாக்டர்.

கொழுந்தன் ஒரு அடி முன்னால் வந்தான். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினாள். அந்தப் பெண்ணிடம் திரும்பி, வெண்முத்து யாருடைய கணக்கு என்று கேட்டாள்.

அவள் டாக்டரைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. ஏழு வருஷப் பழக்கம், வேலை போகிற அன்றைக்கும் விடவில்லை.

"சாரோடதுதான் மேடம். போன வருஷம் சாரோட மருமகன் வந்து போட்டுக் கொடுத்தார். கிளினிக் பேரைச் சொல்லாம நாலு பல் விஷயம் பகிர்ந்துட்டே இருந்தா கூட்டம் சேரும், அப்புறமா பேரை வெளியில சொல்லலாம்னார். இந்தக் கம்ப்யூட்டர்லயே சல்லடைல விதி வெச்சு, இது ஓடுற நேரமெல்லாம் வர்றதைத் தானாப் பகிரும்படியும் பண்ணிட்டார். பாஸ்வேர்டு சார்கிட்டதான் இருக்கு. படிக்காம வெளியில அனுப்ப வேண்டாம்னு நான் அன்னிக்கே சொன்னேன்."

டாக்டரின் முகத்தில், மருமகன் வந்த அன்றைய மதியச் சாப்பாடும் அவன் லேப்டாப்பில் காட்டி விளக்கியதும் தான் தலையாட்டியதும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பல்லைப் பற்றி எழுதியிருக்க வேண்டும், நீளமாக இருக்க வேண்டும், யாரும் படித்திருக்கக் கூடாது. இதுதான் விதி. கடைவாயின் கதைகள் மூன்றிலும் தேறின. மூலையில் நாலு பேர் படித்துவிட்டுப் போயிருக்க வேண்டியதை, அவர் சேர்த்து வைத்திருந்த கூட்டத்துக்கே அவர் கிளினிக்கிலிருந்தே சுடச்சுடப் பரிமாறியிருக்கிறது அவருடைய சல்லடை. சொந்தச் செலவில் சூனியம் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அதை இவ்வளவு ஒழுங்காக, புதன்கிழமை லீவு விட்டுச் செய்தவர் இவர் ஒருவர்தான்.

அவர் மெதுவாக நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்தார். ஆனால் டாக்டர் லேசுப்பட்டவரா? மூச்சு வந்ததும், "சரி, பரப்பினது நான். எழுதினது இவதானே?" என்றார்.

"இவங்க ரிசப்ஷன் நாற்காலியில உட்கார்ந்து பார்க்கிறவங்க டாக்டர். எட்டுக் கதையையும் முழுசாப் படிச்சீங்களா?"

மற்றவர்கள் சொல்லிச் சிரித்த பகுதிகளை மட்டும்தான் அவர் படித்திருந்தார். அண்ணி போனைத் திறந்து அவரிடம் கொடுத்தாள். கதைகளில் டாக்டரின் முகம் எப்போதும் தலைகீழாகத்தான் வருகிறது. மேல்கூரை விரிசல் வருகிறது, விளக்கில் அடிபட்டுச் செத்த பூச்சி வருகிறது, மூக்குக்குள் இருக்கிற முடி வருகிறது. எல்லாம் மல்லாந்து படுத்தவன் பார்த்த உலகம். எழுதினது ஒரு நோயாளி, அதுவும் பலமுறை படுத்த நோயாளி.

"அப்ப யாரு?" என்றார் டாக்டர்.

அண்ணிக்குத் தெரியும். நகைச்சுவை என்றால் ஒன்றைக்கூட விடாத சல்லடை ஒன்று இருக்கிறது. ஊரே சிரித்த இந்த எட்டுக் கதைகளில் ஒன்றைக்கூட அது பகிரவில்லை; தன் சரக்கைத் தானே தூக்கிப் பிடிக்கக் கூடாதே. பட்டியலைப் பார்த்தபோது அவளுக்குக் கோபத்தைவிடப் பெருமைதான் அதிகமாக வந்தது. கூடவே இருக்கிற பயல், இத்தனை நன்றாக எழுதுவான் என்று தெரியாமலே இத்தனை நாள் டீ வாங்க அனுப்பியிருக்கிறாளே. ஆனாலும் அதை அவள் வாயால் சொல்லப் போவதில்லை. கொழுந்தனைப் பார்த்தபடி சும்மா நின்றாள்.

அவனும் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"நான்தான் டாக்டர் எழுதினேன். அவங்களுக்கு இது எதுவும் தெரியாது. காலையிலேயே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன். அவங்களைத் தப்பா நினைக்காதீங்க" என்றான். அத்தனை வருஷத்தில் ஒரு கேலி கலக்காமல் அவன் பேசி அண்ணி கேட்டது அதுதான் முதல் தடவை.

டாக்டர் கையில் இருந்த போனில் ஒரு கதையைப் படித்துக்கொண்டிருந்தார். இன்னொன்றையும் படித்தார். பயத்தில் விறைத்துப்போய் வந்த ஒருவன், அந்த முணுமுணுப்பைக் கேட்டதும் கைப்பிடியை விட்டுவிட்டுத் தளர்ந்து படுத்துக்கொள்கிற இடம் வந்ததும் அவர் விரல் நின்றது. அந்த வரியை யாரும் அவரிடம் சொல்லிக் காட்டியிருக்கவில்லை.

எழுந்து ரிசப்ஷன் மேஜைக்குப் போனார். அந்தப் பெண்ணைப் பார்த்து, தான் பெரிய தப்புச் செய்துவிட்டதாக, எக்ஸ்ரேக்காரர் முன்னாலேயே சொன்னார். மன்னிச்சுடும்மா என்றார். மூன்று நாளாக நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கூடப் பேசவில்லை சார், அதுதான் எனக்கு வலித்தது என்றாள் அவள். அப்போதுதான் அவள் கண் கலங்கியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாஸ்வேர்டைத் தன்னிடம் கொடுத்துவிட வேண்டும், இனிமேல் தான் படிக்காமல் ஒரு வரிகூட இந்த கிளினிக்கிலிருந்து வெளியே போகக்கூடாது என்றாள். டாக்டர் அங்கேயே ஒரு மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் கொழுந்தன் பக்கம் திரும்பினார்.

"உள்ளே வாங்க. வாயைத் திறங்க."

"அண்ணி, நீங்களும் வாங்க" என்றான் அவன்.

பழிவாங்கல் எதுவும் நடக்கவில்லை. ஊசி போட்டார், மரத்துப்போகக் காத்திருந்தார், மிஷினை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் முகமூடிக்குள்ளிருந்து மெதுவாக ஒரு மெட்டு கிளம்பியது. யாரும் சிரிக்கவில்லை. அவர் கையும் நடுங்கவில்லை.

வேலை முடிந்து டாக்டர் கை கழுவப் போனபோது அந்தப் பெண் வாசலில் வந்து நின்றாள். கொழுந்தனின் பாதி உதடு தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அவனையே பார்த்துக் கேட்டாள்.

"எல்லாரையும் எழுதினீங்க. மீனைக்கூட எழுதினீங்க. என்னை மட்டும் ஏன் விட்டீங்க? அதனாலதானே எனக்கு இவ்வளவும்?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். ஏதோ சொல்லப் பார்த்தான். மரத்துப்போன நாக்கு ஒத்துழைக்காமல் காற்றும் எச்சிலும்தான் வந்தன. முகமெல்லாம் சிவந்து அண்ணியைப் பார்த்தான். கொழுந்தன் படுகிற பாட்டைப் பார்த்து அண்ணிக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் கரைந்தது.

"உன்னைக் கேலி பண்ண அவனுக்கு மனசு வரலை போலிருக்கும்மா" என்றாள்.

அந்தப் பெண் உள்ளே வந்து, அவன் கையில் ஒரு டிஷ்யூவைக் கொடுத்து, உதட்டைத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள்.

"நீங்க சொல்ல வேண்டாம் மேடம். அவரே சொல்லட்டும். மரத்துப்போனது தெளியக் கொஞ்ச நேரம் ஆகும்" என்றாள். வெளியே போய், மேஜைக்குக் கீழே இருந்த துணிப்பையை எடுத்து, அதிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக மறுபடி மேஜை மேல் வைக்க ஆரம்பித்தாள். "நான் எங்கேயும் போகலை. இங்கேதான் இருப்பேன்."